காய்ந்த பொந்தில் காத்திருக்கும் முட்டை

வட ஃபுளோரிடாவில், டாலஹாசி நகரை ஒட்டி, ஓக், பீச், மக்னோலியா மரங்கள் கலந்து வளர்ந்த பழைய காடுகள் இருக்கின்றன. கிளை முறிந்து உளுத்த இடத்தில், அடிமரம் இரண்டாகப் பிரியும் கவட்டில், வேர்கள் புடைத்து எழும் இடுக்கில் என்று அந்த மரங்களில் எங்கு பார்த்தாலும் பொந்துகள். மழை பெய்தால் பட்டை வழியே இறங்கும் நீர் அவற்றில் தேங்கும். சில பொந்துகள் ஒரு டம்ளர் நீரைக்கூடப் பிடிக்காது, சிலவற்றில் குடக்கணக்கில் நிற்கும். உள்ளே விழுந்த இலைகள் ஊறி ஊறி, நீர் கட்டங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும்.

அந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் தட்டு முழுக்க நெளியும். பெரும்பாலும் கொசுப் புழுக்கள். கூடவே குருணி போன்ற சிற்றீக்களின் புழுக்களும் வண்டுகளின் இளம்பருவமும் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் சாப்பாடு போடுவது அந்த அழுகல் இலைதான். இலையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர, புழுக்கள் அவற்றைச் சுரண்டித் தின்கின்றன. சூரிய ஒளி அதிகம் படாத இந்தச் சின்னக் குளத்தில் பாசிக்கு வேலை இல்லை. மேலிருந்து விழும் இலை நின்றால் சாப்பாடு நிற்கும், மழை நின்றால் குளமே இருக்காது.

வில்லியம் பிராட்ஷா, கிறிஸ்டினா ஹோல்ஸாப்ஃபெல் என்ற இரு அமெரிக்க உயிரியலாளர்கள் இந்தப் பொந்துகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே காட்டில், ஒரே மழையில் நனையும் மரங்களில், ஒரு பொந்தில் ஒரு வகைக் கொசுவும் பக்கத்துப் பொந்தில் வேறு வகையும் ஓங்கியிருப்பது ஏன் என்பது அவர்கள் முன் இருந்த கேள்வி. 1983இலும் 1988இலும் வெளியான அவர்களது கட்டுரைகள் இரண்டு விஷயங்களை முன்னால் வைத்தன. ஒன்று, பொந்துக்குள் வேட்டையாடும் புழு. இன்னொன்று, வறட்சி. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் புரிந்துகொண்டால் நம் வீட்டுத் தண்ணீர் டிரம்மில் நடப்பதும் புரிந்துவிடும் என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமும் அதுதான்.

முட்டையில் இருக்கிறது சூட்சுமம்

ஃபுளோரிடாவின் பொந்துகளில் முக்கியமாக நான்கு கொசுக்கள். மரப்பொந்துக் கொசு என்றே பெயர் வாங்கிய ஏடிஸ் ட்ரைசீரியேட்டஸ் முதலாவது. அடுத்தவை அனோஃபிலிஸ் பார்பரியும் ஆர்த்தோபோடோமையா சிக்னிஃபெராவும். நான்காவது, மற்ற மூன்றையும் தின்று வளரும் டாக்ஸோரிங்கைட்டிஸ் ரூட்டிலஸ். உடல் பெரியது, உறிஞ்சுகுழல் நீண்டு வளைந்தது என்பதால் இந்தக் கடைசி இனத்தின் பேரினத்தையே யானைக் கொசு என்பார்கள்.

நால்வரும் ஒரே நீரில் வளர்ந்தாலும் முட்டை விஷயத்தில் ஒரே ஜாதி இல்லை. அனோஃபிலிஸ் தன் முட்டைகளை நீர்ப்பரப்பின் மேல் மிதக்க விடுகிறது. யானைக் கொசுவின் பெண், பொந்தின் வாயருகே வட்டமடித்துப் பறந்தபடியே வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக நீரை நோக்கி வீசுகிறது. அவையும் மிதக்கும். நீர் இருந்தால் ஓரிரு நாளில் பொரியும். நீர் வற்றினால் அந்த முட்டைகளுக்கு வாழ்வில்லை.

ஏடிஸ் வேறு மாதிரி. அது நீரில் முட்டை இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய மரச்சுவரில் ஒட்டி வைக்கிறது. இட்டவுடன் முட்டை வெளிறி இருக்கும், தொட்டால் நசுங்கும். சில மணி நேரத்தில் கறுத்து இறுகும். அதோடு முடிவதில்லை. உள்ளே வளரும் கரு தன்னைச் சுற்றிக் கைட்டின் கலந்த ஒரு படலத்தைச் சுரந்துகொள்கிறது. நம் ஊர் டெங்குக் கொசுவான ஏடிஸ் எஜிப்டியை வைத்து நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அந்தப் படலம் உருவாவதற்கு முன் முட்டையைக் காய வைத்தால் சுருங்கிச் செத்துவிடுகிறது. உருவான பிறகு காய வைத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. இட்டதிலிருந்து படலம் முழுமையாகப் பன்னிரண்டு மணி நேரம் போல ஆகிறது, அவ்வளவுதான். அடுத்த சில நாட்களில் உள்ளே புழு முழுதாக உருவாகி, பொரியத் தயாராக, ஆனால் பொரியாமல் கிடக்கிறது.

எப்போது பொரிவது என்று அதற்கு எப்படித் தெரியும்? நீர் பட்டால் மட்டும் போதாது. மழைநீர் உயர்ந்து முட்டையை மூழ்கடித்ததும், ஊறும் இலைகளில் பாக்டீரியாக்கள் பெருகி நீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்னத் தொடங்கும். ஆக்சிஜன் குறைவதே முட்டைக்குச் சமிக்ஞை. ஆக்சிஜன் குறைந்தால் பாக்டீரியா பெருகிவிட்டது என்று பொருள், பாக்டீரியா பெருகினால் புழுவுக்குச் சாப்பாடு தயார். அரை மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு முட்டைக்குள் இத்தனை கணக்கு! இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரே மழையில் எல்லா முட்டையும் பொரிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி முதல் நனைவில் பொரியும், மிச்சம் இரண்டாவது, மூன்றாவது நனைவுக்காகக் கிடக்கும். முதல் மழையை நம்பிப் பொரிந்த புழுக்கள் நீர் வற்றிச் செத்தாலும் சுவரில் கையிருப்பு உண்டு.

வேட்டைக்காரன் இல்லாத குளம்

யானைக் கொசுவின் புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நன்கு வளர்ந்தால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். செம்பழுப்பு நிறம், தடித்த உடல், பக்கவாட்டில் முரட்டு முடிகள். பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். பக்கத்தில் ஏதாவது நெளிந்து நீரை அசைத்தால் தலையைச் சட்டென்று நீட்டித் தாடைகளால் கவ்விவிடும். முழு வளர்ச்சி அடைவதற்குள் நூற்றுக்கணக்கான கொசுப் புழுக்களைத் தின்று தீர்க்கும், தன் இனத்தின் சிறிய புழுவையும் விட்டுவைக்காது. கூட்டுப்புழுவாகும் நேரம் நெருங்கும்போது தின்னாமலே கொல்லும் விசித்திரப் பழக்கமும் உண்டு. கண்ணில் படும் புழுக்களை எல்லாம் கடித்துப் போட்டுவிடும். இத்தனை செய்யும் இந்தக் கொசு, வளர்ந்து பறக்கத் தொடங்கியதும் பூந்தேன் மட்டுமே குடிக்கும். மனிதரைக் கடிக்காது. இதன் உறவினரான டாக்ஸோரிங்கைட்டிஸ் ஸ்பிளென்டென்ஸ் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. நீலமும் பச்சையுமாகச் செதில்கள் மின்னும் பெரிய கொசு ஒன்று பூவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், தயவுசெய்து அடித்துவிடாதீர்கள்.

இப்போது வறட்சியைக் கொண்டுவருவோம். பெரிய பொந்து, வாய் குறுகியது, மரத்தில் வழியும் நீர் நேராக வந்து விழும் இடம். அப்படிப்பட்ட பொந்து மழையில்லாத வாரங்களிலும் வற்றாது. அங்கே யானைக் கொசு நிலைத்துவிடுகிறது. ஏடிஸ் அங்கேயும் முட்டை இடத்தான் செய்கிறது, ஆனால் பொரிந்த புழுக்களில் பெரும்பகுதி வேட்டைக்குப் போய்விடுகிறது. ஆழமில்லாத சின்னப் பொந்து அப்படி இல்லை. இரண்டு வாரம் வெயில் அடித்தால் அடியில் ஈரச் சக்கை மட்டும் மிஞ்சும். யானைக் கொசுவின் புழு அந்த ஈரத்தில் சில நாள் தாக்குப்பிடிக்கலாம். முழுக்கக் காய்ந்தால் முடிந்தது. மறுபடி மழை வந்து பொந்து நிரம்பும்போது, வேறு பொந்திலிருந்து ஒரு பெண் பறந்து வந்து, முட்டை வீசி, அது பொரிந்து வளர்ந்தால்தான் அங்கே மீண்டும் வேட்டை. ஏடிஸ் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதன் பிள்ளைகள் ஏற்கெனவே சுவரில் இருக்கிறார்கள்.

வறட்சி கொசுவைக் கொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லாக் கொசுவையும் ஒரே அளவில் கொல்வதில்லை. காயும் பொந்தில் வேட்டைக்காரனும், காயத் தாங்காத முட்டைக்காரர்களும் ஒதுங்க, காய்ந்தும் சாகாத முட்டையோடு வந்தவர் மட்டும் தங்குகிறார்.

அங்கே ஏடிஸுக்கும் சுகவாழ்வு என்று சொல்லிவிட முடியாது. எதிரி இல்லாத பொந்தில் ஒரே நேரத்தில் ஏராளமான முட்டைகள் பொரியும், இருப்பதோ கைப்பிடி இலை. பட்டினியில் பாதி சாகும், மீதி மெலிந்த சின்னக் கொசுக்களாகப் பறக்கும். வேட்டை நடக்கும் பொந்தில் தப்பிப் பிழைக்கும் சிலருக்கோ சாப்பாடு தாராளம். அங்கிருந்து வரும் கொசு எண்ணிக்கையில் குறைவு, உடலில் பெரியது.

இது ஃபுளோரிடாவின் தனிக்கதை இல்லை. பனாமாவில் பாரோ கொலராடோ தீவின் மழைக்காட்டுப் பொந்துகளில் வேட்டைக்காரர்கள் தும்பி இனத்தின் இளம்பருவங்கள். ஓலா ஃபின்கே தலைமையிலான குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், அவை இருக்கும் பொந்துகளில் கொசுப் புழுக்கள் வெகுவாகக் குறைவதைக் காட்டியது. அந்தத் தும்பிகளுக்கும் மாதக்கணக்கில் நீர் நிற்கும் பொந்துதான் வேண்டும். மரத்தை விட்டு இறங்கினாலும் இதே கதைதான். ஜொனாதன் சேஸ், டிஃபனி நைட் இருவரும் 2003இல் அமெரிக்கச் சதுப்புக் குட்டைகளைப் பற்றி எழுதினார்கள். எப்போதும் நீர் நிற்கும் குட்டையில் வேட்டைப் பூச்சிகள் கொசுவை அடக்குகின்றன. ஆண்டுதோறும் காயும் குட்டையில், காய்ந்துபோவதற்குப் பழகிய வேறு உயிர்கள் கொசுவோடு போட்டி போடுகின்றன. எப்போதாவது ஒரு கடும் வறட்சியில் மட்டும் காயும் குட்டைதான் ஆபத்தானது. அங்கே எதிரியும் சாகிறான், போட்டியாளனும் சாகிறான். வறட்சிக்கு அடுத்த ஆண்டு நீர் திரும்பும்போது கொசு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பொந்துகளுக்கும் தனி உலகம் உண்டு. 2017இல் அகத்தியமலைப் பகுதியின் கேரளப் பக்கத்தில், நீர் நிறைந்த மரப்பொந்துகளில் வாழும் ஒரு நண்டைப் புதிய இனமாக விவரித்தார்கள். காணி பழங்குடியினரின் பெயரைத் தாங்கிய காணி மரஞண்டு அது. அந்த நண்டின் குடியிருப்பும் நீர் நிற்கும் பொந்துள்ள பெரிய மரங்களை நம்பித்தான். முதிர்ந்த மரங்களை வெட்டும்போது நாம் இழப்பது நிழலும் பலகையும் மட்டும் இல்லை, நீர் வற்றாத பொந்துகளையும் இழக்கிறோம்.

பொந்திலிருந்து டயருக்கு

மரப்பொந்துக் கொசுவை அமெரிக்க மருத்துவ உலகம் உற்றுப் பார்க்க ஒரு குழந்தையின் மரணம் காரணமானது. 1960இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் மூளைக்காய்ச்சலால் ஒரு குழந்தை இறந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட மூளைத் திசுவிலிருந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஊரின் பெயரே வைரஸுக்கும் நிலைத்தது. அணில்களிடமிருந்தும் அவற்றின் உறவான சிப்மங்குகளிடமிருந்தும் அதைச் சுமப்பது ஏடிஸ் ட்ரைசீரியேட்டஸ். பனி மூடும் குளிர்காலத்தில் கொசுவே இல்லாதபோது வைரஸ் எங்கே ஒளிகிறது என்ற புதிருக்கு 1970களில் விடை கிடைத்தது. தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்குள் போய், பொந்தின் சுவரில் ஒட்டிய அந்த முட்டையிலேயே அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. புழுப்பருவத்தில் பட்டினி கிடந்து சிறுத்துப்போன ட்ரைசீரியேட்டஸ் கொசுக்கள் இந்த வைரஸை மேலும் திறமையாகப் பரப்புகின்றன என்பதும் 1980களில் சோதனைச் சாலையில் தெரியவந்தது.

லா கிராஸ் பகுதியில் பொந்துகளை அடைத்தார்கள், மழைநீர் தேங்கிக் காட்டோரம் கிடந்த பழைய டயர்களை அள்ளினார்கள். டயரை அள்ளியதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். பொந்தை அடைப்பதை, அதுவும் வீடுகளுக்கு அப்பால் இருக்கும் காட்டில் அடைப்பதை, என்னால் ஏற்க முடியாது. பொந்துக்குள் கொசுவின் எதிரியும் இருக்கிறான். டயருக்குள் பெரும்பாலும் அவன் இல்லை.

இந்த வித்தியாசத்தின் பலனை 1985க்குப் பின் அமெரிக்கா நேரில் கண்டது. அந்த ஆண்டு டெக்சாஸின் ஹூஸ்டனில், ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களோடு வந்த புலிக் கொசு, அதாவது ஏடிஸ் அல்போபிக்டஸ், வேரூன்றிவிட்டது தெரிந்தது. ஆசியக் காடுகளின் மரப்பொந்துகளிலும் மூங்கில் கணுக்களிலும் வளர்ந்த இனம் அது. உணவுக்கான போட்டியில் உள்ளூர் ட்ரைசீரியேட்டஸை எளிதில் வெல்லக்கூடியது. அப்படியிருந்தும் காட்டுப் பொந்துகளிலிருந்து ட்ரைசீரியேட்டஸ் காணாமல் போகவில்லை. பானுகோபன் கேசவராஜு, ஸ்டீவன் ஜூலியானோ இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. யானைக் கொசுவின் புழு வேட்டையாடிய நீரை மட்டும் ஊற்றினாலே ட்ரைசீரியேட்டஸ் புழுக்கள் நெளிவதைக் குறைத்துக்கொண்டு நீர்ப்பரப்பில் அடங்கி நிற்கின்றன. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த புலிக் கொசுவின் புழுக்களிடம் அந்த அளவு எச்சரிக்கை இல்லை. வேட்டைக்காரன் இருக்கும் பொந்தில் அவை முதலில் மாட்டுகின்றன.

புலிக் கொசுவின் முட்டையும் காயத் தாங்கும், ஆனால் ஏடிஸ் எஜிப்டி அளவுக்குத் தாங்காது. ஃபுளோரிடாவின் கல்லறைத் தோட்டங்களில் வைக்கப்படும் பூச்சாடிகளில் ஜூலியானோ குழுவினர் இதைப் பார்த்தார்கள். வெயிலும் வறட்சியும் கடுமையான இடங்களில் புலிக் கொசுவின் முட்டைகள் அதிகம் மடிய, எஜிப்டி அங்கே தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது. காயும் காலம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு எஜிப்டியின் கை ஓங்குகிறது.

காட்டை விட்டு வந்த கொசு

ஏடிஸ் எஜிப்டியும் பிறப்பால் ஆப்பிரிக்கக் காட்டுக் கொசுதான். அதன் மூதாதையர் மரப்பொந்திலும் பாறைக்குழியிலும் முட்டை இட்டு, பெரும்பாலும் விலங்குகளைக் கடித்து வாழ்ந்தவர்கள். இன்றும் ஆப்பிரிக்கக் காடுகளில் அப்படி வாழும் எஜிப்டிகள் உண்டு. பிறகு எப்படி நம் வீட்டுக்குள், நம் கணுக்காலைத் தேடி வந்தது?

நோவா ரோஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கரோலின் மெக்பிரைட் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. சகாராவுக்குத் தெற்கே 27 இடங்களில் எஜிப்டியின் முட்டைகளைச் சேகரித்து, வளர்த்து, மனித வாசனையையும் விலங்கு வாசனையையும் எதிரெதிரே வைத்து எதை நாடுகின்றன என்று பார்த்தார்கள். மக்கள் நெருக்கமான நகரங்களின் கொசுக்கள் மனிதரைக் கொஞ்சம் கூடுதலாக விரும்பின. அதைவிட வலுவாகத் தெரிந்தது வேறொன்று. மழைக்காலம் குறுகி, வறண்ட வெயில்காலம் நீண்டு கிடக்கும் இடங்களின் கொசுக்கள்தான் மனிதரைத் தேடிப் போயின. சகாராவை ஒட்டிய வறண்ட சஹேல் பகுதியில் அந்த மாதங்களில் பொந்துகள் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். நீர் இருப்பது மனிதர்கள் பானையில் சேர்த்து வைக்கும் இடத்தில் மட்டும். அந்தப் பானையைத் தேடி வந்த கொசுவுக்குப் பக்கத்திலேயே ரத்தமும் கிடைத்தது. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான். பிற்காலத்தில் அந்தக் கொசு அடிமை வணிகக் கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களில் ஏறி அமெரிக்கக் கண்டங்களுக்கும், பின்னர் ஆசியாவுக்கும் பரவியது.

டெங்குக் கொசுவை மனிதரிடம் கொண்டுவந்து சேர்த்ததில் வறட்சிக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மழைக்காலத்தில் தேங்கும் நீரை மட்டுமே குற்றவாளியாக்கிப் பழகிய நமக்கு இது ஜீரணிக்கச் சற்றுக் கடினமான செய்தி.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். லாரித் தண்ணீருக்காகத் தெருத்தெருவாகக் குடங்கள் நின்றன. வீட்டுக்குள் டிரம், அண்டா, பக்கெட், சின்டெக்ஸ் டேங்க் என்று எதில் பிடிக்க முடியுமோ அதில் எல்லாம் பிடித்து வைத்தோம். வாரம் ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர்களில் ஆண்டு முழுக்க இதே நிலைதான். அந்த டிரம்முக்குள் பாருங்கள். நீர்மட்டம் ஏறும், இறங்கும். உள்சுவர் நனையும், காயும். தும்பியின் இளம்பருவம் கிடையாது, யானைக் கொசுவின் புழு கிடையாது, தவளைக்குஞ்சு கிடையாது. ஏடிஸ் முட்டைக்கு இதைவிட நல்ல பொந்து காட்டில்கூட இல்லை.

வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச் அடித்துப் புழுவைத் தேடுகிறார்கள், அபேட் மருந்து ஊற்றுகிறார்கள், நீரைக் கொட்டச் சொல்கிறார்கள். வெயிலில் அலைந்து குறைந்த கூலிக்கு அவர்கள் செய்யும் வேலைக்கு மரியாதை உண்டு. ஆனால் நீரைக் கொட்டினால் புழு சாகும், சுவரில் ஒட்டிய முட்டை சாகாது. அபேட் மருந்தும் நீரில் இருக்கும் புழுவுக்குத்தான். காலி டிரம்மை மாடியில் கவிழ்த்து வைத்து, நாலு மாதம் கழித்து அப்படியே நிரப்பினாலும் முட்டைகள் பொரியலாம்.

அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தினமும் நேரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீரை டெங்குத் தடுப்பின் பகுதியாகவே கணக்கில் எடுங்கள். தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டில் யாரும் ஐந்து டிரம் வைக்க மாட்டார்கள். புகைமருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியாவது குழாய்க்குப் போகட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது தேங்காய் நார். வாரம் ஒருமுறை, குறிப்பாகத் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள மாதங்களில், டிரம்மைக் காலி செய்து உள்சுவரை அழுத்தித் தேயுங்கள். நீர்மட்டம் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் பகுதியை இன்னும் நன்றாகத் தேயுங்கள், முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். பிறகு நிரப்பி, இடைவெளி இல்லாமல் மூடியோ துணியோ கட்டி வையுங்கள். எடுத்து வைத்திருந்த பழைய டிரம்மை மறுபடி பயன்படுத்தும் முன்னும், அது எவ்வளவு காய்ந்திருந்தாலும், ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.